ஏப்ரல் 1, 1989: நமீபியாவில் ஆட்டிசாரி எடுத்த முடிவு சரியா?

கயல் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விடுதலை பெற்ற ஆப்பிரிக்காவில் நடந்த சமாதான முயற்சிகளைப் பற்றி ஆளுக்கு ஒருவரை எடுத்துக்கொண்டு கருத்தரங்கில் பேச வேண்டும். காங்கோ, ஹம்மர்ஷோல்ட் எல்லாம் முதல் நாளே போய்விட்டது. எனக்குக் கிடைத்தது தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்த நமீபியாவும், அதன் விடுதலைக்காக ஐ.நா. அனுப்பிய பணியை 1989இல் நடத்திய மார்ட்டி ஆட்டிசாரியும்.

முதலில் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். ஃபின்லாந்துக்காரர், 2008இல் நோபல் சமாதானப் பரிசு, ஐ.நா. நடத்தியதிலேயே வெற்றிகரமான பணிகளில் ஒன்று, நமீபியா அவருக்குக் கௌரவக் குடியுரிமையே கொடுத்திருக்கிறது. பத்துப் பக்கம் எழுதிவிடலாம். அப்புறம்தான் 1989 ஏப்ரல் 1 கண்ணில் பட்டது. போர்நிறுத்தம் தொடங்கிய அன்றைக்கே, முகாமுக்குள் அடைந்திருக்க வேண்டிய தென்னாப்பிரிக்கப் படைகளை வெளியே விடலாம் என்று பரிந்துரைத்தது இதே ஆட்டிசாரிதான். ஒன்பது நாளில் விடுதலைப் போராளிகள் 300க்கும் மேற்பட்டோர் செத்திருக்கிறார்கள்.

பாராட்டி எழுதியவர்கள் இதை ஒரே வரியில் தாண்டிப் போகிறார்கள். திட்டி எழுதியவர்களோ இதைத் தவிர வேறு எதையும் சொல்வதில்லை. இதை எப்படிப் புரிந்துகொள்வது? அந்தப் பக்கம் வாழ்ந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

செங்குன்றன்

இதில் புரிந்துகொள்ள என்ன இருக்கிறது? 1966இலேயே தென்னாப்பிரிக்காவுக்கு நமீபியாவில் உரிமை இல்லை என்று ஐ.நா. பொதுச்சபை சொல்லிவிட்டது. 1971இல் உலக நீதிமன்றமும் அங்கே இருப்பதே சட்டவிரோதம் என்றது. வெளியேறச் சொல்ல வந்த ஐ.நா. அதே சட்டவிரோதப் படையின் கையில் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்து, போய் ஒழுங்கை நிலைநாட்டு என்றது. திருடனைப் பிடிக்கப் போனவன் திருடனிடமே சாவியைக் கொடுத்த கதை.

அன்றைக்கு பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரும் நமீபியத் தலைநகர் விண்ட்ஹுக்கில்தான் இருந்தார். தென்னாப்பிரிக்க வெளியுறவு அமைச்சர் பீக் போத்தாவும் இருந்தார். இரண்டு பேரும் ஒரு பக்கம், ஆட்டிசாரி ஒரு பக்கம். யார் பேச்சு எடுபட்டது என்று சொல்லவும் வேண்டுமா? நோபல் பரிசு கிடைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

கணக்கு வாத்தியார்

கயலம்மா, நான் 1979 முதல் 1990 வரை ஸாம்பியாவில், லுசாக்காவில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். அப்போது நம் பக்கத்திலிருந்து நிறைய பேர் இப்படி ஒப்பந்தத்தில் போனோம். நான் வெறும் பள்ளிக்கூட வாத்தியார், ராஜதந்திரம் தெரியாது. ஆனால் லுசாக்காவில் இருந்துகொண்டு நமீபியாவைப் பற்றித் தெரியாமல் இருக்க முடியாது. நமீபிய விடுதலை இயக்கமான ஸ்வாப்போவின் அலுவலகமும் அங்கே, மண்டேலாவின் கட்சித் தலைமையகமும் அங்கே. ஐ.நா. 1976இல் தொடங்கிய நமீபியக் கழகமும் அங்கேதான். விடுதலை வந்ததும் நாட்டை நடத்த ஆள் வேண்டும் அல்லவா, அதற்காக முன்கூட்டியே நிர்வாகமும் சட்டமும் சொல்லிக் கொடுத்த இடம் அது. அதன் இயக்குநராக இருந்த ஹாகே கைங்கோப் பிறகு முதல் பிரதமர் ஆனார், குடியரசுத் தலைவரும் ஆனார்.

நான் இருந்த கப்வாத்தாவில் அடுத்த வீட்டை அந்தக் கழகத்து மாணவர்கள் மூன்று பேர் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அதில் ஒரு பையன் புள்ளியியலில் தடுமாறி, சனிக்கிழமை சாயங்காலங்களில் என்னிடம் வருவான். வீட்டுக்காரி வைத்த சாம்பாரை மக்காச்சோளக் களியில் ஊற்றிச் சாப்பிடுவான். (களிக்கு சாம்பார் எங்கள் வீட்டுக் கண்டுபிடிப்பு, இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும்.) அவன் வாயில் எப்போதும் ஒரே எண்: நானூற்று முப்பத்தைந்து.

அது ஐ.நா. பாதுகாப்புச் சபைத் தீர்மானத்தின் எண். 1978 செப்டம்பர் 29இல் நிறைவேறியது. போர்நிறுத்தம், தென்னாப்பிரிக்கப் படை முகாமுக்குள் போவது, ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல், விடுதலை. அதற்கு முந்தைய மாதம்தான் ஆட்டிசாரி ஒரு குழுவோடு நமீபியாவுக்குப் போய், எத்தனை படை வேண்டும், எத்தனை ஆள் வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். எல்லாம் தயார். ஒரு வருஷத்தில் முடித்துவிடலாம் என்ற திட்டம்.

அந்த ஒரு வருஷம் தொடங்கவே பத்தரை வருஷம் ஆயிற்று. என் மாணவன் சொல்வான், "435 என்று ஒரு பஸ் இருக்கிறது சார், நேர அட்டவணைகூட ஒட்டியிருக்கிறார்கள், பஸ்தான் வரவில்லை."

ஆட்டிசாரியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நோபலையும் ஏப்ரல் 1ஐயும் விட்டுவிட்டு இந்தப் பத்தரை வருஷத்திலிருந்து தொடங்கு என்பேன். மனிதர் 1937இல் வீப்புரியில் பிறந்தவர். இன்றைக்கு அந்த ஊர் ரஷ்யாவில் இருக்கிறது. அவருக்கு இரண்டு வயசானபோது சோவியத் படையெடுப்பு. சொந்த ஊரை விட்டு ஓடிய நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட கரேலியர்களில் அந்தக் குடும்பமும் ஒன்று. பிறகு ஆசிரியர் பயிற்சி முடித்தார் (ஆமாம், அவரும் வாத்தியார்தான், எனக்கு அதில் ஒரு சின்னப் பெருமை). 1960இல் கராச்சிக்குப் போய் ஒய்.எம்.சி.ஏ.வின் உடற்பயிற்சி ஆசிரியர் பள்ளியைப் பார்த்துக்கொண்டார். 1965இல் ஃபின்லாந்து வெளியுறவு அமைச்சகம். 1973இல் தான்சானியாவுக்குத் தூதர். ஸாம்பியா, மொசாம்பிக், சோமாலியாவுக்கும் சேர்த்து அவரே. ஆக, தென்னாப்பிரிக்காவை எதிர்த்த அத்தனை இயக்கங்களும் கூடிய தார் எஸ் ஸலாமில் நாலு வருஷம் இருந்திருக்கிறார். 1977இல் அவர் நமீபியாவுக்கான ஐ.நா. ஆணையர் ஆனபோது ஸ்வாப்போகாரர்களுக்கு அவர் புது முகம் இல்லை.

அப்புறம் காத்திருப்பு. 1978 டிசம்பரில் தென்னாப்பிரிக்கா 435ஐ ஓரம்கட்டிவிட்டுத் தானே ஒரு தேர்தல் நடத்தியது. 1981 ஜனவரியில் ஜெனீவா மாநாடு, தோல்வி. அமெரிக்காவில் ரீகன் ஆட்சிக்கு வந்தபின் அங்கோலாவிலிருந்து கியூபப் படை வெளியேறினால்தான் நமீபியா என்று முடிச்சுப் போட்டார்கள். அந்த முடிச்சு அவிழ, அங்கோலாவில் குயிட்டோ குவனவாலே சண்டை நடந்து, தென்னாப்பிரிக்காவுக்குப் போர் கட்டாது என்று புரிய வேண்டியிருந்தது. 1988 டிசம்பர் 22இல் நியூயார்க்கில் கையெழுத்து. முந்தின நாள் அந்தக் கையெழுத்துக்காகக் கிளம்பி வந்த நமீபியாவுக்கான ஐ.நா. ஆணையர் பெர்ண்ட் கார்ல்சன், லாக்கர்பியில் வெடித்த பான் ஆம் விமானத்தில் இறந்துபோனார். அன்று அடுத்த வீட்டில் ரேடியோவைப் போட்டுக்கொண்டு மூன்று பையன்களும் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

இனி ஏப்ரல் 1க்கு வருகிறேன். செங்குன்றன் சொன்னது தப்பில்லை. ஆனால் அவர் ஒன்றை விட்டுவிட்டார்: பணம்.

1978 கணக்கில் 7,500 படைவீரர்கள். 1989 தொடக்கத்தில் பாதுகாப்புச் சபையின் ஐந்து வல்லரசுகளும் இது அதிகச் செலவு, குறையுங்கள் என்றன. ஆப்பிரிக்க நாடுகளும் அணிசேரா நாடுகளும், தென்னாப்பிரிக்கப் போலீஸ் அங்கே குவிந்து கிடக்கிறது, குறைக்கக் கூடாது என்றன. இந்த இழுபறியில் ஜனவரி போயிற்று, பிப்ரவரியில் பாதியும் போயிற்று. கடைசியில் 4,650 என்று ஒப்புக்கொண்டார்கள். பொதுச்சபை பணத்துக்கு ஒப்புதல் கொடுத்தது மார்ச் 1. ஏப்ரல் 1இல் போர்நிறுத்தம். ஒரே ஒரு மாதம்! உலகத்தின் பல மூலைகளிலிருந்து வண்டியும் கூடாரமும் ரேடியோவும் கப்பலேற்றி, பாலைவன நாட்டுக்குள் இறக்கி, வடக்கே அங்கோலா எல்லை வரைக்கும் கொண்டுபோக வேண்டும். முடியுமா?

ஆட்டிசாரி விண்ட்ஹுக்கில் இறங்கியது மார்ச் 31. ஐ.நா. படைத்தளபதி பிரேம் சந்த், நம் இந்தியாவின் ஓய்வுபெற்ற ஜெனரல், எழுபதைத் தாண்டியவர். மறுநாள் காலை வடக்கில் சண்டை. அங்கோலாவிலிருந்து ஸ்வாப்போ போராளிகள் எல்லை தாண்டி வந்திருந்தார்கள். தென்னாப்பிரிக்கா, படையெடுப்பு என்றது. ஸ்வாப்போ, எங்கள் ஆட்கள் நாட்டுக்குள் ஐ.நா.விடம் ஆயுதத்தை ஒப்படைக்கத்தான் வந்தார்கள் என்றது. போராளிகள் 16வது அட்சரேகைக்கு வடக்கே இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம், ஆனால் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் தென்னாப்பிரிக்காவும் அங்கோலாவும் கியூபாவும்தான், ஸ்வாப்போவை அந்த மேசையில் உட்காரவே வைக்கவில்லை. என்ன நடக்கிறது என்று போய்ப் பார்த்துவர ஐ.நா.வுக்கு வடக்கில் ஆள் இல்லை. இருந்தவர்களைக் கையால் எண்ணிவிடலாம்.

பீக் போத்தா மிரட்டினார்: எங்கள் படையை விடு, இல்லாவிட்டால் ஐ.நா.வையே வெளியேறச் சொல்வோம், 435 அத்தோடு முடிந்தது. ஆட்டிசாரி நியூயார்க்குக்குப் பேசினார், பொதுச்செயலர் பெரெஸ் தெ குவேயார் மனசில்லாமல் ஒப்புக்கொண்டார். சில படைப்பிரிவுகளை மட்டும், கொஞ்ச காலத்துக்கு மட்டும் என்று நிபந்தனை. துப்பாக்கி வெளியே வந்தபின் நிபந்தனையை யார் பார்க்கிறார்கள்? ஏப்ரல் 9இல் எத்யோ மலை என்ற வேட்டைப் பண்ணை விடுதியில் அங்கோலா, கியூபா, தென்னாப்பிரிக்கா கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அதற்குள் நீங்கள் சொன்ன 300க்கும் மேற்பட்ட உயிர்கள்.

நான் இவரை மன்னித்தேனா என்றால், அது என் வேலை இல்லை. கணக்கு வாத்தியாராக ஒன்று மட்டும் சொல்வேன்: அன்று அவர் கையில் தகவல் என்று இருந்தது ஒரே தரப்பு கொடுத்தது. ஒரே சமன்பாட்டை வைத்துக்கொண்டு இரண்டு மாறிகளைக் கண்டுபிடிக்கச் சொன்னால் யாராலும் முடியாது. அவர் முடியும் என்று நினைத்துவிட்டார். அதுதான் என் வருத்தம்.

அவர் மாறினார் என்பதற்கு அதே வருஷம் நவம்பரில் ஒரு சாட்சி இருக்கிறது. அதை நாளைக்கு எழுதுகிறேன். கண் வலிக்கிறது.

பாலைமணல்

வாத்தியார் ஐயா நவம்பரை எழுதுவதற்குள் நானும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கட்டுமான வேலையாக விண்ட்ஹுக் வந்து எட்டு வருஷம் ஆகிறது. வரலாறு படித்தவன் இல்லை, தெருவில் பார்த்ததைச் சொல்கிறேன்.

இங்கே மார்ட்டி ஆட்டிசாரி பெயரில் ஒரு தொடக்கப்பள்ளி இருக்கிறது. ஃபிடல் காஸ்ட்ரோ பெயரில் தெருவும் இருக்கிறது. இரண்டு பேருக்கும் இடம் கொடுத்த ஊர். மார்ட்டி என்ற பெயர் வைத்த ஆட்கள் நிறைய. எங்கள் தளத்திலேயே இரண்டு மார்ட்டி. ஒருவனிடம், ஆட்டிசாரி நினைவாக வைத்ததா என்று கேட்டேன். சிரித்துவிட்டான். "என் தாத்தாவே மார்ட்டிதான்" என்றான். ஃபின்லாந்து மிஷனரிகள் 1870இலேயே வடக்கே ஓவாம்போ மக்களிடம் வந்துவிட்டார்கள். அதில் மார்ட்டி ரவுட்டனன் என்பவர் ஐம்பது வருஷத்துக்கு மேல் இங்கேயே இருந்து இங்கேயே இறந்தவர். ஸ்வாப்போவை உருவாக்கியவர்களில் ஒருவர், ராபன் தீவுச் சிறையில் பதினாறு வருஷம் இருந்த தோய்வோ யா தோய்வோ. அந்தத் தோய்வோவும் ஃபின்னிஷ் பெயர்தான், நம்பிக்கை என்று அர்த்தமாம். ஃபின்லாந்துக்காரர் ஒருவரை அனுப்பியபோது வடக்கே உள்ளவர்களுக்கு அவர் யாரோ வெள்ளைக்காரராகத் தெரிந்திருக்க மாட்டார். அதனால்தான் ஏப்ரல் அவர்களுக்கு இன்னும் கூடுதலாக வலித்தது என்று என் முதலாளியம்மா சொல்வார், அவர் ஓவாம்போ.

இன்னொன்று. 2005இல் எல்லைக்குப் பக்கத்தில் ஏன்ஹானா என்ற ஊரில், பழைய ராணுவ முகாமை ஒட்டி மண் தோண்டும்போது கூட்டுப் புதைகுழிகள் வெளிப்பட்டன. ஏப்ரல் 1989இல் செத்தவர்களோடு சேர்த்துத்தான் இங்கே அதைப் பேசுகிறார்கள். இப்போது அங்கே நினைவிடம் இருக்கிறது. வேலையாக அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். கொளுத்தும் வெயில், சமவெளி, தூரத்தில் மாடுகள். வேறொன்றும் இல்லை.

செங்குன்றன்

பாலைமணல் எழுதியதற்கு நன்றி. வாத்தியார் ஐயா, சமன்பாடு உவமை நன்றாக இருக்கிறது, ஆனால் தெரியாவிட்டால் "தெரியாது, பொறுங்கள்" என்று சொல்லியிருக்கலாமே? போராளிகளைச் சுட ஏன் அனுமதி கொடுக்க வேண்டும்?

கயல்

ஐயா, இதையெல்லாம் நான் எந்தப் புத்தகத்திலும் இப்படிச் சேர்த்துப் பார்க்கவில்லை. பாலைமணல் அண்ணா, உங்களுக்கும் நன்றி. செங்குன்றன் அண்ணா கேட்டதுதான் என் கேள்வியும். நவம்பரில் என்ன நடந்தது, சீக்கிரம் சொல்லுங்கள். அப்புறம், தப்பாக நினைக்காவிட்டால் ஒன்று: சாம்பாரும் களியும் சாப்பிட்ட அந்த மாணவர் என்ன ஆனார்?

கணக்கு வாத்தியார்

செங்குன்றன் தம்பி, "பொறுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் தென்னாப்பிரிக்கா அனுமதி இல்லாமலே வெளியே வந்திருக்கும், அதோடு 435ம் போயிருக்கும் என்பது அவர் தரப்பு. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அனுமதி இல்லாமல் வந்த படைக்கும் ஐ.நா. சொல்லி வந்த படைக்கும் வித்தியாசம் இருக்கிறது, அதில் நான் உன் பக்கம். ஆப்பிரிக்க நாடுகளும் விடவில்லை, கடுமையாகக் கண்டித்தன. போட்ஸ்வானாவின் லெக்வைலா துணைப் பிரதிநிதியாக வந்ததும் ஆப்பிரிக்க நாடுகள் வற்புறுத்தியதால்தான்.

சரி, ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் நடுவில் அவர் என்ன செய்தார்? கண் வாங்கினார் என்று சொல்வேன். நாடு முழுக்க 42 இடங்களில் ஐ.நா.வின் அரசியல் அலுவலகங்கள். சின்னச் சின்ன ஊர்களில், ஆடு மேய்ப்பவர்கூட நடந்து வந்து முறையிடக்கூடிய தூரத்தில். ஐ.நா. போலீஸ் முதலில் 500 பேர், அப்புறம் 1,000, அப்புறம் 1,500. ஏன் அவ்வளவு என்றால், கூவூட். ஆஃப்ரிக்கான்ஸ் மொழியில் கடப்பாரை என்று அர்த்தம். கிளர்ச்சியை நெம்பி எடுக்க தென்னாப்பிரிக்கா வைத்திருந்த போலீஸ் படை. ஒப்பந்தப்படி கலைத்தோம் என்று சொல்லிவிட்டு அந்த ஆட்களைச் சாதாரணப் போலீஸில் சேர்த்துவிட்டார்கள். காஸ்பிர் என்ற கண்ணிவெடி தாங்கும் கவச வண்டிகளில் வயலையும் வேலியையும் நசுக்கிக்கொண்டு போவார்கள். ஐ.நா. போலீஸ்காரர்கள் ஆயுதம் இல்லாமல் சாதாரண வண்டியில் பின்னாடியே துரத்துவார்கள், மணலில் மாட்டிக்கொள்வார்கள். படிக்கச் சிரிப்பு வரும். ஆனால் வெறும் கையோடு, காலையிலிருந்து ராத்திரி வரை, பின்னாலேயே ஒரு சாட்சி வந்துகொண்டிருந்தால் கடப்பாரைக்கும் கூச்சம் வரும். கடைசியில் அந்தப் படையைக் கலைக்கத்தான் வேண்டியிருந்தது.

இன்னொரு பக்கம் தென்னாப்பிரிக்க ஆட்சித் தலைவர் பியனாரோடு சட்டத்துக்குச் சண்டை. தேர்தலை நடத்துவது பியனார், மேற்பார்வையும் கட்டுப்பாடும் ஐ.நா. இந்த ஏற்பாட்டிலேயே சண்டை இருக்கிறது. ஜூலையில் வந்த தேர்தல் சட்ட வரைவைப் பார்த்து எல்லோரும் கத்தினார்கள். ஒவ்வொரு ஷரத்தாக உட்கார்ந்து பேசி மாற்றி, சட்டம் வெளிவந்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. தேர்தல் நவம்பர் 7. ராஜதந்திரம் என்றால் கைகுலுக்கல் என்று நான் நினைத்திருந்தேன், பார்த்தால் இது பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்துவதுபோல, கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும் வேலை.

நடுவில் செப்டம்பரில் ஸ்வாப்போவின் வெள்ளைக்கார வழக்கறிஞர் ஆன்டன் லுபோவ்ஸ்கியை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். தேர்தல் நடக்குமா என்றே சந்தேகம் வந்தது.

இப்போது நவம்பர். தேர்தலுக்கு ஒரு வாரம்கூட இல்லை. பீக் போத்தா திடீரென்று பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, ஸ்வாப்போ போராளிகள் மறுபடியும் எல்லை தாண்டத் திரள்கிறார்கள், ஐ.நா.வின் ரேடியோச் செய்திகளையே நாங்கள் இடைமறித்துக் கேட்டோம் என்றார். அப்படியே ஏப்ரல். அதே ஆள், அதே மிரட்டல். ஆனால் இந்த முறை ஐ.நா.வுக்கு வடக்கில் படை இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது. விசாரித்தார்கள். யாரும் அப்படி ஒரு செய்தியை அனுப்பவே இல்லை, எல்லையில் யாரும் திரளவும் இல்லை. சில நாட்களிலேயே அந்தச் செய்திகள் போலி என்று பீக் போத்தாவே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரு தோட்டாகூடச் செலவாகவில்லை.

கயலம்மா, உன் பேச்சில் இந்த இரண்டு நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வை. ஆள் ஒருவர்தான், குணமும் அதேதான். ஏப்ரலில் அவருக்கு வடக்கில் கண் இல்லை. நவம்பரில் இருந்தது. ஏப்ரலில் இல்லாமல் போனதற்கு ஜனவரியில் பணத்தைப் பிடித்து வைத்த வல்லரசுகளும் பொறுப்பு. அவர்கள் யாரும் ஏன்ஹானாவுக்குப் போய்ப் பதில் சொல்லவில்லை.

தேர்தல் ஐந்து நாள் நடந்தது. பதிவு செய்தவர்கள் ஏழு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், அதில் 97 சதவீதத்துக்கும் அதிகமானோர் வாக்களித்தார்கள். ஸ்வாப்போவுக்கு 72இல் 41 இடம். மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை, அதனால் அரசியல் சட்டத்தை எதிர்க்கட்சிகளோடு உட்கார்ந்துதான் எழுத வேண்டியிருந்தது. பிப்ரவரியில் முடித்துவிட்டார்கள். 1990 மார்ச் 21இல் கொடி ஏறியது. நான் அந்த வருஷம்தான் ஊருக்குத் திரும்பினேன்.

பாலைமணல்

ஐயா, ஒரு சின்னச் சேர்க்கை. வால்விஸ் பே துறைமுகத்தை அப்போதும் தென்னாப்பிரிக்கா விடவில்லை, 1994இல்தான் கொடுத்தது. இங்கே கொடியேற்றத்தைப் பற்றிப் பேசும்போது கடற்கரைக்காரர்கள் இதைச் சொல்லாமல் விடமாட்டார்கள்.

செங்குன்றன்

நவம்பர் விஷயம் எனக்குத் தெரியாது. ஏப்ரலைப் பற்றி என் கருத்து மாறவில்லை, ஆனால் கோபத்தில் கொஞ்சத்தை வேறு முகவரிகளுக்கும் பிரித்து அனுப்புகிறேன். பிரேம் சந்த் பற்றி யாராவது தனி இழை தொடங்குங்கள். 1962இல் காங்கோவின் கட்டாங்காவில் ஐ.நா. படையை நடத்தியவரும் இவர்தான் என்று இப்போதுதான் பார்த்தேன்.

கணக்கு வாத்தியார்

கயல் அந்த மாணவனைப் பற்றிக் கேட்டிருந்தாள், விட்டுவிட்டேன்.

1989 ஜூலையில் அவன் ஊருக்குத் திரும்பினான். அகதிகளை ஐ.நா. விமானத்தில் கொண்டுபோனார்கள், அந்த வருஷம் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படித் திரும்பினார்கள். கிளம்பும் முன் வீட்டுக்கு வந்தான். பஸ் வந்துவிட்டதா என்று கேட்டேன். "வந்துவிட்டது சார், டிரைவர்தான் யார் என்று தெரியவில்லை" என்றான். என் வீட்டுக்காரி ஊறுகாய் பாட்டில் ஒன்று கொடுத்தனுப்பினாள்.

நான் முன்பு சொல்லாத ஒன்று: அவனுடைய தம்பி போராளி, அங்கோலாவில் இருந்தான். ஏப்ரல் 1 சனிக்கிழமை. வழக்கம்போல் சாயங்காலம் பாடத்துக்கு வந்தான், நாங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பி.பி.சி.யில் கேட்டோம். அதற்கடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கும் அடுத்த வாரம் வந்தான், நோட்டை விரித்தான், நான் திட்டவிலக்கம் நடத்தினேன். வேறு என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை.

டிசம்பரில் ஒரு கடிதம் வந்தது. நாலு பக்கம். ஓட்டுப் போட வெயிலில் மணிக்கணக்காக நின்றது, அம்மா கிழவியாகியிருந்தது, ஊறுகாயை ஐந்து பேர் ஒரே நாளில் தீர்த்தது, எல்லாம் எழுதியிருந்தான். தம்பியைப் பற்றி ஒரு வரி இல்லை. நானும் பதில் கடிதத்தில் கேட்கவில்லை.